1970 சி10 பிக்கப்: வளைவுல சாயுது, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பழையஇரும்பு:
செவ்ரோலெட் சி10, டூ வீல் டிரைவ். முன்னாடியும் காயில், பின்னாடி ட்ரெய்லிங் ஆர்மோட (ஆக்சிலைச் சேஸியோட இணைக்கிற நீளக் கை) காயில். நேர் ரோட்டுலயே ஸ்டியரிங்கைத் திருத்திக்கிட்டே இருக்கணும், வளைவுல ஒரு பக்கமா படுக்குது. முன்னாடி 2.5, பின்னாடி 4 அங்குலம் இறக்கி, தடியான ஸ்வே பார் (வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கிற கம்பி) போட எண்ணம். ஸ்பிரிங்கை வெட்டினாலே போதுங்கறாங்களே, சரியா?

ஸ்பானர்பெட்டி:
நேர் ரோட்டுல அலையறதுக்கு ஸ்வே பார் மருந்து இல்லைங்க. முதல்ல ஜாயின்ட்டுலயும் ஸ்டியரிங்லயும் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஜாக்கியைச் சேஸிக்குக் கொடுக்காம கீழ் ஆர்முக்கு அடியில, பால் ஜாயின்ட் (ஆர்மையும் வீல் பக்கத்தையும் இணைக்கிற உருண்டை மூட்டு) பக்கமா கொடுங்க. ஸ்பிரிங் அந்த ஆர்ம் மேலதான் உக்காந்திருக்கு. சேஸியைத் தூக்கினா ஸ்பிரிங்கோட அழுத்தம் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிச்சு தேய்மானத்தை மறைச்சிடும். வீல் தரையை விட்டதும் டயருக்கு அடியில கடப்பாரை விட்டு நெம்புங்க. அப்புறம் ஒருத்தர் ஸ்டியரிங்கை லேசா இடம் வலம் ஆட்ட, நீங்க கீழ இருந்து பிட்மன் ஆர்மைப் (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற கை) பாருங்க. உள்ள போற ஷாஃப்ட் திரும்பியும் ஆர்ம் சும்மா இருந்தா கோளாறு ஸ்டியரிங் பாக்ஸ்லதான்.

முன்பக்கம் இறக்க டிராப் ஸ்பிண்டில் (வீல் அச்சு மேல தள்ளி வெச்ச ஸ்பிண்டில்) நல்லது, ஆர்ம்களோட கோணம் மாறாது. ஒரு சிக்கல்: 1970-ல வந்தது டிரம், 6 போல்ட் வீல். டிஸ்க்கும் 5 போல்ட்டும் 1971-ல வந்தது. கிட் வாங்கறப்ப பால் ஜாயின்ட் டேப்பர் (கூம்புத் துளை) பொருந்துதா, ரோட்டர் (பிரேக் டிஸ்க்) எத்தனை போல்ட்னு கேட்டுக்குங்க. இல்லைன்னா முன்னாடி 5, பின்னாடி 6-ன்னு நிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டினா சுத்து குறையும், ஸ்பிரிங் விறைக்கும். பொருத்தமான ஷாக் இல்லைன்னா துள்ளும். டார்ச்சுல சுட்டு இறக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், டெம்பர் (எஃகோட பதம்) போயிடும்.

பழையஇரும்பு:
சரிங்க. பின்னாடி 4 அங்குலத்துக்கு ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதுமா?

ஆக்சில்:
போதாது. ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற பான்ஹார்ட் பார் ஒரு முனை சேஸியில, மறுமுனை ஆக்சில்ல. வண்டி இறங்கினா பார் வட்டமா சுழன்று ஆக்சிலை ஒரு பக்கம் தள்ளும். குட்டைப் பாருக்கு இது இன்னும் மோசம். நீளமான, அட்ஜஸ்ட் பண்ற பார் போட்டு, வண்டி நிக்கிற உயரத்துல அது தரைக்குப் படுத்த மட்டத்துல இருக்கிற மாதிரி பிராக்கெட் வையுங்க. சேஸியில இருந்து டயர் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து சமமாக்குங்க.

ஆக்சில் ஹவுசிங் குழாய்க்கும் சேஸிக்கும் நடுவுல மிஞ்சற இடத்தையும் அளந்துடுங்க. 3 அங்குலம்கூட இல்லைன்னா சி நாட்ச் (ஆக்சிலுக்கு இடம் விட்டு சேஸியை சி வடிவத்துல வெட்டி வலுவூட்டறது) போட்டுத்தான் ஆகணும், பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் சேஸியில மோதாம தடுக்கிற ரப்பர்) வெட்டறது தற்காலிகம். ஷாக்கும் குட்டையா வேணும், இல்லைன்னா பள்ளத்துல அடி வாங்கி உடையும். பினியன் கோணத்தையும் (பிராப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்சில்ல சேர்ற கோணம்) பாத்துக்குங்க, தப்பினா பிராப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும்.

ட்ரெய்லிங் ஆர்ம் முன் புஷ்ஷுல ரப்பருக்குப் பதிலா விறைப்பான பாலியூரிதேன் போடாதீங்க. ஐ வடிவ ஆர்ம் முறுக்கிக்கிட்டுத்தான் வண்டி சாயும். இறுக்கிட்டா அதுவே ஸ்வே பார் ஆகி, காலி பெட்டியோட போறப்ப பின்பக்கம் வழுக்கும்.

ஷிம்கட்டு:
அதே காரணத்துக்காக ஸ்வே பாரை முன்னாடி மட்டும் முதல்ல போடுங்க. விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும்: 1 அங்குலத்தை 1¼ ஆக்கினா சுமார் 2.4 மடங்கு. பின்னாடியும் தடியா போட்டா ஈர ரோட்டுல வால் வெளியே போகும்.

அலைன்மென்ட்டுக்குப் பழைய புத்தக அளவைக் கொடுக்காதீங்க, அது பயாஸ் (பழைய குறுக்கு இழை) டயருக்கானது. ரேடியலுக்கு காஸ்டர் (ஸ்டியரிங் அச்சோட முன்பின் சாய்வு) +3 முதல் +4 டிகிரி, கேம்பர் (வீலோட உள்வெளி சாய்வு) –½ டிகிரி, டோ (வீல்களோட முன்முனை உள்நோக்கித் திரும்பறது) உள்பக்கம் 1/16 அங்குலம். பவர் ஸ்டியரிங் இல்லைன்னா காஸ்டரை 3-லயே நிறுத்துங்க, பார்க்கிங்ல கை வலிக்கும். மேல் ஆர்ம் போல்ட் ரெண்டுலயும் ஷிம்மைச் (மெல்லிய தகடு) சமமா கூட்டினா கேம்பர் மாறும், ஏறுமாறா வெச்சா காஸ்டர்.

ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தொங்கிட்டு இருக்கறப்ப இறுக்காதீங்க. நாலு வீலும் தரையில நின்னு, வண்டியோட எடை முழுசா இறங்கின பிறகுதான் கடைசியா குறிச்ச டார்க்குக்கு இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிக்கும், சீக்கிரமே கிழியும்; உயரமும் ஒரு அரை அங்குலம் தப்பாக் காட்டி உங்களைக் குழப்பும்.