பி.எஸ்.ஏ. எண் ஏறி வந்த அந்த நேரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிக்கரை

வயது 62. பி.எஸ்.ஏ., அதாவது புராஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் இரத்தப் பரிசோதனை எண், முந்தின வருஷம் 3.1, போன வருஷம் 4.4, இந்தத் தடவை 6.8. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன், அது பழகிவிட்டது. மற்றதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

லேபில் சாயங்காலம்தான் ரிசல்ட் வரும் என்றார்கள். அதனால் மச்சினர் மகள் கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இடது கையால் போனை எடுத்து மடியில் வைத்தே திறந்தேன். மற்ற எண்கள் எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்க, இது ஒன்று மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. அந்த நேரம் பாயசம் வந்தது. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊற்றிவிட்டுப் போனார்கள். அது ஓடி ரசத்தோடு கலந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்கும்போது இலையை அந்தப் பக்கமாக மடித்துவிட்டேன். துக்க வீட்டில் மடிப்பது மாதிரி. எதிர்வரிசையில் இருந்த என் மனைவி பார்த்துவிட்டாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்து, யாரும் கவனிப்பதற்குள் இடது கையால் இலையைப் பிரித்து நம் பக்கமாக மடித்து வைத்தாள். கை கழுவும் இடத்தில் "என்ன ஆச்சு?" என்றாள். "ஒன்றுமில்லை, அசதி" என்றேன்.

பதினோரு நாள் ஆகிறது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. கண்ணை மூடினால் புற்றுநோய்கூட வருவதில்லை, அந்த இலைதான் வருகிறது.

பாளையங்கோட்டை

அண்ணா, முதலில் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு 11.2 வந்தது. அன்றைக்கே புனேயில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சாவி எங்கே என்று சொல்லிவிட்டேன். அவன் பதிலே பேசவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது. நாலு விசில் எண்ணினேன். அப்புறம் "அப்பா, நான் வரேன்" என்றான். பயத்தை என் தலையிலிருந்து இறக்கி அவன் தலையில் வைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. ஏனென்றால் எனக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. காய்ச்சலும் எரிச்சலுமாக இருந்த அதே வாரத்தில் முழு உடல் பரிசோதனை எடுத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால் 2.4.

அதனால் சொல்கிறேன். ஒரே எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தொற்று இருக்கும்போது எடுக்கக் கூடாது. சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால் சில வாரம் பொறுக்க வேண்டும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் கருவி வேறு, எண்ணும் கொஞ்சம் மாறும். சுரப்பி வயதோடு பெரிதாவதாலும் பி.எஸ்.ஏ. கூடும், அதனால் ஸ்கேனில் சுரப்பியின் அளவு எத்தனை சி.சி. என்று பாருங்கள். 90 சி.சி. சுரப்பிக்கு 6.8 என்பதும் 30 சி.சி. சுரப்பிக்கு 6.8 என்பதும் ஒன்றில்லை. சாப்பாட்டில் தக்காளியை நன்றாக வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறையுங்கள், காப்பி ஒரு வேளை போதும். நடங்கள். முக்கியமாக, நடுராத்திரியில் இணையத்தில் தேடாதீர்கள்.

மேற்கு மாம்பலம்

பாளையங்கோட்டை நண்பருக்கு நடந்தது நல்லது, சந்தோஷம். ஆனால் அவருக்குக் காய்ச்சல் இருந்தது, எரிச்சல் இருந்தது. காவேரிக்கரை ஐயாவுக்கு அப்படி எதுவும் இல்லை, மூன்று வருஷமாகப் படிப்படியாக ஏறியிருக்கிறது. அவரிடம் போய் தக்காளி, காப்பி என்று பேசினால் ஒரு வருஷத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அப்பா புராஸ்டேட் வீக்கத்துக்கு நாலு வருஷம் டூட்டாஸ்டரைடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பி.எஸ்.ஏ. 1.4, 2.2, 3.6. நாலுக்குக் கீழே இருக்கிறது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம், பார்த்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பு வலி என்று வேறொருவரிடம் போனபோது அவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டின் பின்பக்கத்தில் 3.6 என்று எழுதி, பக்கத்தில் பெருக்கல் 2 போட்டு, 7.2 என்று எழுதி அப்பா பக்கம் தள்ளினார். இந்த மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகத்தான் காட்டுமாம். ஃபினாஸ்டரைடும் அப்படித்தான். மாத்திரை போடும்போது எண் இறங்காமல் ஏறினாலே கவனிக்க வேண்டுமாம்.

அப்பா கணக்கு வாத்தியார். அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டால பெருக்கறது, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குள் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் போயிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசியில் மூன்று வருஷம் ஓடுகிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், பேத்திக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். ஆனால் அந்த 2.2 வந்த வருஷத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பைடனைப் பாருங்கள். 2025 மே மாதம் அவருக்கு புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 9 (புற்றின் வீரியத்துக்கான மதிப்பெண், 10தான் உச்சம்), எலும்புக்குப் பரவிவிட்டது என்று அறிவித்தார்கள். கடைசியாக பி.எஸ்.ஏ. எடுத்தது 2014-இல் என்று அவர் தரப்பே சொன்னது.

பாளையங்கோட்டை

தம்பி, உங்கள் அப்பா விஷயம் வருத்தமாக இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை. பைடன் உதாரணமும் இங்கே பொருந்தாது. 70 வயதுக்கு மேல், தொந்தரவு இல்லாதவருக்கு வழக்கமாக பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டாம் என்பதுதான் அமெரிக்காவில் 2018-இல் வந்த அரசுக் குழுப் பரிந்துரை. தேவையில்லாத பயாப்ஸி, தேவையில்லாத ஆபரேஷன், அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் கசிவு, இதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார், கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

கோயமுத்தூர் சரசு

சண்டை வேண்டாமே. நான் மனைவி பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு 66. பி.எஸ்.ஏ. 7.9. பயாப்ஸிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. என்றார்கள். உள்ளே போகும்போது அந்தப் பையன், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றான். மோதிரம், வாட்ச் எல்லாம் கொடுத்துவிட்டார். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. அவர் அம்மா போட்டுவிட்டது, ஒரு நாளும் கழற்றியதில்லை. கொக்கி இறுகிப்போயிருந்தது, அவருக்குக் கை நடுங்கியது. திரைக்குப் பின்னால் நான்தான் கழற்றினேன். எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவருக்கு அரைஞாணை எடுக்க மாட்டார்கள். அவரும் அதைத்தான் நினைத்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. நாற்பது நிமிஷம் அந்த மெஷின் சத்தம் சுவர் வழியாகக் கேட்க, கொடியைக் கைக்குள் வைத்து உட்கார்ந்திருந்தேன். முதலில் அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறிப்போனது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அங்கேயே, வராந்தாவிலேயே, கட்டிவிட்டேன்.

எம்.ஆர்.ஐ.யில் பை-ராட்ஸ் 4 (புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு 5 வரை போடும் மதிப்பெண்), பயாப்ஸியில் கிளீசன் 3+3, அதாவது 6, வீரியம் குறைந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., இடையில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி என்று கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் "கட்டியை வயித்துல கட்டிக்கிட்டா இருப்பாங்க" என்று கேட்டுக் கேட்டே எங்கள் தூக்கத்தைக் கெடுத்தார்கள். டாக்டர்தான் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னார். 1,643 பேர், ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவு. 15 வருஷம் கழித்து 2023-இல் வெளியான முடிவில், எந்தப் பிரிவிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர் 100-க்கு 3 பேர் அளவுதான். பரவியது மட்டும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 9 பேர், மற்ற இரண்டிலும் 5 பேர். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பிற்பாடு சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொன்னார், அதனால்தான் அவரை நம்பினேன்.

காவேரிக்கரை அண்ணா, அந்தப் பதினோரு நாளும் உங்கள் மனைவி தூங்கியிருக்க மாட்டார்கள்.

மஸ்கட்

புராஸ்டேட்டை எடுத்த ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 0.03 என்று வருகிறது. 0.2 தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும் என்று தெரியும். இருந்தாலும் ரிசல்ட் வந்தால் காரை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

காவேரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. மாம்பலம் தம்பி, நான் சிறுநீர் சுலபமாகப் போவதற்கான டாம்சுலோசின் மட்டும்தான் போடுகிறேன், நீங்கள் சொன்ன மாத்திரை இல்லை, அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று ராத்திரி சொன்னேன். "இலையை மடிச்சப்பவே தெரியும், நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் எழுந்து போய்ப் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி வைத்தாள். நான் மூன்று வருஷத்தைத்தான் வைத்திருந்தேன், அவளிடம் ஆறு வருஷத்தது இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எம்.ஆர்.ஐ. அரைஞாண் சாதாரணக் கறுப்புக் கயிறுதான், அதில் ஒரு தாயத்து இருக்கிறது. வீட்டிலேயே அவள் கையால் கழற்றிக்கொடுத்துவிட்டுப் போகிறேன். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.