மேல்முறையீடு தள்ளுபடி: கூட்டரசு நீதிமன்றம் போகும் வரை தீர்ப்பை நிறுத்தி வைக்க முடியுமா?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். பினாங்கு உயர் நீதிமன்றம் ஒரு சிறிய கம்பெனி 380,000 ரிங்கிட் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. புத்ராஜெயாவில் மேல்முறையீடும் போன வாரம் தள்ளுபடி. முன்பு வாங்கிய ஸ்டே, அதாவது தீர்ப்பை நிறுத்தி வைக்கும் உத்தரவு, இன்னும் செல்லுமா? எதிர்த்தரப்பு இப்போதே பேலிஃபோடு (சொத்தை ஜப்தி செய்யும் நீதிமன்ற அதிகாரியோடு) வரலாமா?

செந்தூல்:
ஸ்டே உத்தரவை எடுத்து அதன் கடைசி வரியைப் படியுங்கள். "மேல்முறையீடு முடியும் வரை" என்றிருந்தால் தள்ளுபடியான அன்றே அது முடிந்துவிட்டது. அப்படியானால் பேலிஃப் வரலாம். மேலே போகிறோம் என்பதால் மட்டும் தீர்ப்பு நிற்காது. நீதிமன்றம் தனியாக உத்தரவிட வேண்டும்.

கம்பெனிக்கு பேலிஃபைவிட பெரிய ஆபத்து 2016 கம்பெனிச் சட்டத்தின் 466-ஆம் பிரிவின் கீழ் கடனைக் கட்டக் கோரும் நோட்டீஸ். 21 நாளில் கட்டாவிட்டால் கம்பெனியைக் கலைக்க மனுப் போடலாம்.

கூட்டரசு நீதிமன்றத்துக்கு முதலில் லீவ், அதாவது அனுமதி, வாங்க வேண்டும். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். முத்திரையிட்ட உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் தவறு.

ஜெலுத்தோங் அண்ணன்:
செந்தூல் சொன்னது சரி. ஸ்டே மனு பெரும்பாலும் விழுவது அஃபிடவிட்டில்தான், அதாவது மனுவோடு போடும் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில். "எங்கள் வழக்கு பலமானது" என்று பத்துப் பக்கம் எழுதிப் பயனில்லை. கோஸ்மா பாம் ஆயில் மில் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் பார்த்தது சிறப்புச் சூழ்நிலையை: ஸ்டே இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் ஜெயித்தும் பயனில்லாமல் போகுமா? பணத் தீர்ப்பென்றால் கேள்வி ஒன்றுதான். இன்று கட்டிய பணத்தை நாளை எதிர்த்தரப்பால் திருப்பித் தர முடியுமா? அதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் அவர்கள் கம்பெனியின் தேடல் அறிக்கை எடுங்கள். கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கில் நஷ்டம், சொத்தெல்லாம் வங்கி அடமானத்தில் என்று இருந்தால் அந்தப் பக்கங்களையே வையுங்கள். "திருப்பித் தரமாட்டார்கள் என அஞ்சுகிறோம்" என்ற வெறும் வாக்கியம் நிற்காது.

பட்டர்வொர்த்வாசி:
நன்றி அண்ணே. எந்த உத்தரவை நிறுத்தக் கேட்பது?

ஜெலுத்தோங் அண்ணன்:
உயர் நீதிமன்றத் தீர்ப்பை, தேதியோடும் தொகையோடும். தள்ளுபடி உத்தரவில் செலவுத்தொகையைத் தவிர வசூலிக்க ஒன்றுமில்லை. அதை மட்டும் நிறுத்தினால் 380,000 திறந்தே கிடக்கும். மனுவை முதலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே போடுங்கள். சீக்கிரம் விசாரிக்கக் கேட்கும் அவசரச் சான்றிதழும் சேர்த்தால் நல்லது.

செந்தூல்:
ஒரு நிபந்தனைக்கும் தயாராக இருங்கள். தொகையை இருதரப்பு வழக்கறிஞர்களின் கூட்டுக் கணக்கில் போடச் சொல்லலாம், வங்கி உத்தரவாதமும் கேட்கலாம். நீங்களே முன்வந்து அஃபிடவிட்டில் சொன்னால் ஸ்டே கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஸ்டே கிடைத்தாலும் வட்டி நிற்காது: ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றால் 380,000க்கு 19,000 ரிங்கிட்.