யூனிட்டி கேட்டலாகில் பழைய மாடல்களை ஏபிஐ வழியாக நீக்கப் போனால் ஒருமுறை 404, ஒருமுறை 403

தரமணி_டேட்டா:
வணக்கம். டேட்டாபிரிக்ஸ் யூனிட்டி கேட்டலாகில் (டேபிள், எம்எல் மாடல்களைப் பதிவு செய்து அனுமதிகளை நிர்வகிக்கும் இடம்) ஒரு ஸ்கீமா (கேட்டலாகுக்குள் இருக்கும் ஒரு தொகுப்பு) நிறைய சோதனை மாடல்கள் தேங்கிக் கிடக்கு. திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து அழித்து மாளாது, ராத்திரி ஜாபில் ஏபிஐ மூலம் நீக்கப் பார்க்கிறோம். எம்எல்ஃப்ளோ 2 (மாடல்களைப் பதிவு செய்து நிர்வகிக்கும் மென்பொருள்) கிளையண்டில் டெலீட் கூப்பிட்டால் அப்படி ஒரு மாடலே இல்லைன்னு 404. அதே பெயரை ரெஸ்ட் ஏபிஐக்கு நேராகக் கொடுத்தால் 403. ஜாப் சர்வீஸ் பிரின்சிபல் (ஆளுக்கு இல்லாமல் தானியங்கி வேலைக்கான கணக்கு) பெயரில் ஓடுது, அதுக்கு ஸ்கீமாவில் ஆல் பிரிவிலெஜஸ் இருக்கு. வெர்ஷன்களை முதலில் அழிக்கணுமா?

பெருங்குடி_பைப்லைன்:
இரண்டு பிழைக்கும் காரணம் வேறு வேறு.

404 வருவது தப்பான ரெஜிஸ்ட்ரியில் தேடுவதால். எம்எல்ஃப்ளோ 2-இல் ரெஜிஸ்ட்ரி (மாடல்களைப் பதிவு செய்யும் இடம்) முகவரியை நீங்களே மாற்றாவிட்டால் பெரும்பாலும் பழைய வொர்க்ஸ்பேஸ் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போகும். கிளையண்டை உருவாக்கும் முன்பே ரெஜிஸ்ட்ரி யூஆர்ஐயை 'டேட்டாபிரிக்ஸ்-யூசி' என்று வையுங்க. எம்எல்ஃப்ளோ 3-இல் அதுவே இயல்புநிலை. பெயரும் கேட்டலாக், ஸ்கீமா, மாடல் என மூன்று பகுதியாக, நடுவில் புள்ளி வைத்து இருக்கணும்.

403 அனுமதிச் சிக்கல். ஆல் பிரிவிலெஜஸில் மேனேஜ் உரிமை அடங்காது. பலரும் இடறுவது இங்கேதான். அழிக்க, மாடலின் ஓனராக இருக்கணும் அல்லது மேனேஜ் வேணும். கூடவே கேட்டலாகுக்கு யூஸ் கேட்டலாக், ஸ்கீமாவுக்கு யூஸ் ஸ்கீமா. ஸ்கீமா அளவில் மேனேஜ் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லா மாடலுக்கும் இறங்கும். ஆனால் அதே ஸ்கீமாவில் டேபிள்களும் இருந்தால், அவற்றை டிராப் செய்யும் உரிமையும் அந்த ஜாபுக்குப் போய்விடும். மாடல்களின் ஓனர்ஷிப்பை மட்டும் ஒரு குரூப்புக்கு மாற்றி, சர்வீஸ் பிரின்சிபலை அதில் சேர்ப்பதே நல்லது.

வெர்ஷன்களைத் தனியாக அழிக்க வேண்டாம், மாடலை நீக்கினால் எல்லா வெர்ஷனும் சேர்ந்தே போகும். ஸ்டேஜிங், புரொடக்ஷனில் இருப்பதை ஆர்க்கைவுக்கு மாற்றிவிட்டு அழிக்கணும் என்பது பழைய ரெஜிஸ்ட்ரியின் விதி. யூனிட்டி கேட்டலாகில் ஸ்டேஜே கிடையாது, அலயஸ்தான் (ஒரு வெர்ஷனுக்கு வைக்கும் புனைபெயர்). அதனால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை, அழித்தால் மீட்கவும் வழியில்லை.

அடையாறு_எம்எல்:
மேலே சொன்னதோடு பட்டியல் எடுக்கும் இடத்தையும் கவனிங்க. லிஸ்ட் ஏபிஐ பக்கம் பக்கமாகத் தரும். ஒரு பக்கம் காலியாக வந்தும் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் இருக்கலாம். காலின்னு நிறுத்திடாதீங்க, டோக்கன் வருவது நிற்கும் வரை போகணும். பக்கம் புரட்டும்போதே அழிக்கவும் வேண்டாம். முழுப் பட்டியலையும் ஒரு டேபிளில் எழுதி, ஆள் பார்த்து ஓகே சொன்ன பிறகு அந்த டேபிளை வைத்து அழியுங்க.

'அப்டேட்டட் அட்' எபோக் மில்லிசெகண்டில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்டுகள்) வரும். அதைத் தேதியாக மாற்றும்போது யூடிசியா நம்ம நேரமா என்று தெளிவாக வையுங்க; ஐந்தரை மணி வித்தியாசத்தில் ஒரு நாள் தள்ளிப்போகலாம். முக்கியமாக, அது மாடல் விவரம் மாறிய நேரம், யாரோ பயன்படுத்திய நேரம் இல்லை. ஆறு மாசமாகத் தொடாத மாடல் தினமும் ஸ்கோரிங்கில் (கணிப்பு வேலையில்) ஓடிக்கொண்டு இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மாடலையும் 'இன்க்ளூட் அலயசஸ்' போட்டு எடுத்து, சாம்பியன் மாதிரி ஒரு அலயஸ் இருந்தால் விட்டுடுங்க. சர்விங் எண்ட்பாயிண்ட் (மாடலை மற்ற செயலிகள் கூப்பிடும் முகவரி) பட்டியலில் 'எண்டிட்டி நேம்' இந்த மாடலைக் காட்டுதான்னும் ஒப்பிட்டுப் பாருங்க. எண்ட்பாயிண்ட் தனிப் பொருள், அதைத் தனியாக நீக்கணும்.

தரமணி_டேட்டா:
ரெஜிஸ்ட்ரி யூஆர்ஐ மாற்றினதும் 404 போயிடுச்சு, மேனேஜுக்கு அட்மினிடம் கேட்டிருக்கேன். ஸ்டோரேஜ் பில்லும் குறையுமா?

பெருங்குடி_பைப்லைன்:
பாதிதான். பதிவு செய்யும்போது ஃபைல்கள் கேட்டலாகின் ஸ்டோரேஜுக்கு நகலாகும். நீக்கினால் போவது அந்த நகல். எக்ஸ்பெரிமெண்ட் ரன்னுக்குள் (மாடலைப் பயிற்றுவித்த ஒரு ஓட்டத்தின் பதிவு) இருக்கும் மூல ஃபைல் அப்படியே இருக்கும். இடம் காலியாகணும்னா ரன்களையும் அழிக்கணும், அழித்த ரன்களை 30 நாள் வைத்திருப்பாங்க. டெராஃபார்மில் (கோடு எழுதி 'அப்ளை' கொடுத்து அமைப்புகளை உருவாக்கும் கருவி) உருவாக்கின மாடல் ஏதாவது இருந்தால் அதை ஏபிஐயில் அழிக்காதீங்க. அடுத்த அப்ளையில் வெர்ஷன் எதுவும் இல்லாத வெற்று மாடலாகத் திரும்ப வந்து நிற்கும். கோடிலிருந்து அந்த ரிசோர்ஸை எடுத்துவிட்டு அப்ளை கொடுங்க.