மேட்டூர் அணை நீர்மட்டம்: எந்தப் படம் பொருந்தும்?

கேள்வி:
வணக்கம். மேட்டூர் அணையின் ஓராண்டு நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் கல்லூரித் திட்ட அறிக்கைக்காக மாத வாரியாகத் தொகுத்திருக்கிறேன். பன்னிரண்டு மாதங்களையும் பன்னிரண்டு வண்ணங்களில் வட்ட விளக்கப்படமாக வரைந்தபோது அழகாக இருந்ததே தவிர, எந்த மாதத்தில் நீர் குறைந்தது என்பது எனக்கே புரியவில்லை. வேறு எப்படிக் காட்டலாம்?

பதில் 1:
வட்டப்படம் ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவதற்கானது. மாத நீர்மட்டங்களைக் கூட்டினால் எந்த முழுமையும் வராது. கோட்டு வரைபடம் போடுங்கள். ஜூன் 12-க்கு நேராக மெல்லிய செங்குத்துக் கோடு இழுத்து, ‘குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள்’ என்று அருகிலேயே எழுதிவிடுங்கள்.

பதில் 2:
அதை ஏற்கிறேன், ஆனால் நீர்மட்டத்தை மட்டும் வரைந்தால் படம் ஏமாற்றும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால், 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்காது. மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே அடிக்கு ஒன்று, டிஎம்சிக்கு ஒன்று என இரண்டு படங்களை, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே மாத அச்சில் அமையுங்கள். இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறோர் அளவு என்று ஒரே படத்தில் திணிப்பதை (பலரும் செய்வதுதான்) நான் விரும்புவதில்லை. அங்கே கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பொருளே கிடையாது.

பதில் 3:
அட்டவணையையும் பின்னிணைப்பில் சேருங்கள். அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். எண்களை நடுவில் நிறுத்தாமல், புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வருமாறு அடுக்குங்கள், 8.6 என்பதை 8.60 என்றே எழுதுங்கள்.