ரவுட்டரில் ஆட்டம்: எங்கே தேடினீர்கள், எங்கே கிடைத்தது?

எங்களுடையது சி.என்.சி. ரவுட்டரில், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மிஷினில், கதவு கார்விங் செய்யும் பட்டறை. வட்டம் வெட்டினால் இடது, வலது ஓரங்களில் மட்டும் சின்னப் படி விழுந்தது. மேலும் கீழும் வழவழப்பாகவே இருந்தது. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இடவலமாக நகரும் எக்ஸ் அச்சு திசை திரும்புவது வட்டத்தின் இடது, வலது முனைகளில்தான். ஒய் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

அடுத்து, இது ஆட்டமா (பாகங்களுக்கு இடையிலான தளர்ச்சி), மோட்டார் ஸ்டெப் விடுகிறதா (சொன்ன அளவு சுற்றாமல் போகிறதா) என்று பார்க்க வேண்டும். நீண்ட வேலை முடிந்ததும் அதே திசையிலிருந்து ஜீரோவுக்கு வரவைத்தேன். டயல் கேஜ் (சின்ன நகர்வை அளக்கும் கருவி) முள் பழைய இடத்திலேயே வந்து நின்றது. ஸ்டெப் விட்டிருந்தாலோ, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் வழுக்கியிருந்தாலோ ஜீரோ தள்ளிப் போயிருக்கும். அப்புறம் எதிர்த்திசையில் 0.1 மி.மீ. வீதம் நகர்த்தினேன். முதல் இரண்டு நகர்வுக்கு முள் அசையவே இல்லை.

மிஷினை வந்து பார்த்தவர் பால் ஸ்க்ரூவை (மோட்டார் சுற்ற, வண்டியை நகர்த்தும் மரைத் தண்டு) மாற்றச் சொன்னார். எங்களுடையது 1605, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். புதிதாக வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டூலைக் கழற்றி, ஸ்பிண்டிலை (டூலைச் சுழற்றும் மோட்டார்) அணைத்து, மோட்டார்களுக்கு மட்டும் கரண்ட் இருக்கட்டும். மோட்டார் இல்லாத பக்கம் ஸ்க்ரூவின் முனை வெளியே தெரியும். அதன் முகத்தில் டயல் முனையை வைத்து, வண்டியை (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாகம்) ஸ்க்ரூவின் நீளவாக்கில் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். வண்டி ஆடி ஸ்க்ரூ அசையாவிட்டால் ஸ்க்ரூ மேல் ஓடும் பால் நட் அல்லது அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்க்ரூவே நீளவாக்கில் போய் வந்தால் மோட்டார் பக்கத்துப் பேரிங் பிளாக்கைப் பாருங்கள்.

எங்களுக்கு ஸ்க்ரூவே போய் வந்தது. பிளாக்கின் லாக் நட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்த நட்டைப் பூட்டும் சின்ன கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டயல் முள் ஆடாமல் நிற்கும்வரை நட்டை முறுக்கி, திரும்பப் பூட்டினோம். அதிகமாக முறுக்கிவிடாதீர்கள். கப்ளிங்கைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவை விரலால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இறுகினால் பேரிங் சூடாகும், மோட்டார் திணறும்.

சாஃப்ட்வேரில் பேக்லாஷ், அதாவது இந்த ஆட்டத்தின் அளவைப் போட்டு மறைக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரம் வெட்டும்போது கட்டரே வண்டியை இழுக்கும். ஆட்டம் இருக்கும் இடத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்?

---

அண்ணே, எங்கள் மிஷினில் ஸ்க்ரூவுக்குப் பதில் ரேக், பினியன் (பல் வைத்த நீளச் சட்டமும் அதில் உருளும் பல் சக்கரமும்). லாக் நட் சமாசாரமே இல்லை. மேசையின் நடுவில் மட்டும் ஆட்டம், இரண்டு ஓரங்களிலும் சரியாக இருந்தது. வேலை எப்போதும் நடுவில்தான் ஓடுகிறது, அங்கேதான் பல் தேய்ந்திருந்தது. அதனால் ரேக் உள்ளவர்கள் ஓரிடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். எம்.டி.எஃப். பலகைத் தூள் கிரீஸோடு சேர்ந்து பல் இடுக்கில் கல்லாக இறுகியிருந்தது, அதையும் குச்சியால் நெம்பித்தான் எடுத்தோம். பினியனுக்கும் அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை முடிந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் வழுக்கல் அங்கேதான்.

---

இரண்டு பேரும் அச்சுகளைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் எப்போதும் டூல் நுனியிலிருந்து மேலே போவேன். ஸ்பிண்டில் கிளாம்ப், ஸ்பிண்டிலை மேலும் கீழும் கொண்டுபோகும் இசட் தட்டு, ரெயிலில் ஓடும் பிளாக்கின் போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாக டயலை மாற்றி வைத்துத் தள்ளிப் பார்த்தால், எந்த இணைப்பைத் தாண்டியதும் முள் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. இசட் கீழே இறங்கியிருக்கும்போது தள்ளுங்கள். மேலே முடியளவு தளர்ச்சி இருந்தாலும் நுனியில் பெரிதாகத் தெரியும். டூலைப் பிடிக்கும் காலெட்டையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். உள்ளே தூள் இருந்தால் டூல் கோணலாகச் சுற்றும், பள்ளம் அகலமாக விழும், பழி ஸ்க்ரூ மேல் போகும்.