வீட்டில் செய்த டி.ஏ.சி.யில் மூன்று டிஜிட்டல் உள்ளீடுகள்: சுவிட்ச் வைத்ததும் சத்தம் கெட்டுவிட்டது

சிப்புட் ரசிகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறேன். சென்ற தீபாவளி விடுமுறையில் டிஐஆர்9001 ரிசீவரையும் (டிஜிட்டல் சமிக்ஞையை வாங்கும் சிப்) பிசிஎம்1794 சிப்பையும் கொண்டு ஒரு டி.ஏ.சி. (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) செய்து முடித்தேன். சிடி பிளேயரை மட்டும் கோஆக்ஸியல் கேபிளில் இணைத்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஆசை விடவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒளியிழை வெளியீட்டையும் மீடியா பிளேயரின் கோஆக்ஸியல் வெளியீட்டையும் சேர்க்க எண்ணி, முன்பலகையில் ஒரு ரோட்டரி சுவிட்சைப் பொருத்தினேன். பின்பலகையிலிருந்து அதற்கு ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள மூன்று கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து, அங்கிருந்து இன்னொரு கம்பியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது மூன்று தொல்லைகள். சிடி ஓடும்போது தொலைக்காட்சிப் பெட்டியும் இயங்கினால் இடையிடையே 'டிக் டிக்' என்று கேட்கிறது. சுவிட்சைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் பலத்த அடி விழுகிறது. மீடியா பிளேயரின் கேபிளைச் செருகிய உடனே, அதைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும், மெல்லிய இரைச்சல் எழுகிறது. விலை உயர்ந்த சுவிட்ச் ஒன்றை வாங்கினால் தீருமா?

பழைய ரேடியோ (மறுமொழி)

தம்பி, சுவிட்சுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தவறு சுவிட்சில் இல்லை, கம்பிக்கட்டில் இருக்கிறது.

கோஆக்ஸியல் வழியில் வரும் சமிக்ஞை அரை வோல்ட்தான். ஒளியிழை வாங்கியின் வெளியீடோ 5 வோல்ட், அதாவது பத்து மடங்கு. இரண்டையும் 30 செ.மீ. தூரம் ஒன்றோடொன்று உரசும்படி கட்டினால், இடையே 20 பைக்கோஃபாரட் அளவுக்கு மின்தேக்கம் (தொடாமலே சமிக்ஞை தாவ வழி) உண்டாவது இயல்பு. தொலைக்காட்சியின் ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. ஒரு மாதிரிக்கு (ஒலியின் ஒரு கணத்து அளவுக்கு) 64 பிட் என்றால் வினாடிக்கு 30,72,000 பிட். அந்த 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 20 பைக்கோஃபாரட் என்பது ஏறக்குறைய 2,600 ஓம் மின்தடைக்குச் சமம். கணக்குப் போட்டால் 70 மில்லிவோல்ட் அளவுக்குச் சிடி கம்பியில் கசிகிறது. சமிக்ஞை சட்டென்று ஏறி இறங்கும் விளிம்புகளில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். அரை வோல்ட்டை மட்டுமே நம்பியிருக்கும் ரிசீவர் அவ்வப்போது தடுமாறி ஒரு மாதிரியை விட்டுவிடுகிறது. அதுதான் உங்கள் 'டிக்'. சந்தேகம் இருந்தால் கட்டை அவிழ்த்து, ஒளியிழைக் கம்பியை மட்டும் பெட்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

நிலையான தீர்வு, சமிக்ஞையை முன்பலகைக்கு அழைத்துவராமலே இருப்பதுதான். பின்பலகையில், ஆர்சிஏ சாக்கெட்டுகளுக்கு (கோஆக்ஸியல் கேபிள் செருகும் இடங்களுக்கு) அருகிலேயே 74எச்சி153 என்ற சிப்பை வையுங்கள். நான்கு உள்ளீடுகளில் ஒன்றை அது தேர்ந்தெடுக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் இரண்டு கால்களுக்கு மட்டும் உங்கள் ரோட்டரி சுவிட்சிலிருந்து நேர்மின்னழுத்தம் போனால் போதும். அந்தக் கம்பிகள் ஒரு மீட்டர் நீண்டாலும் கவலையில்லை. ஆனால் லாஜிக் சிப்புக்கு அரை வோல்ட் போதாது. ஒவ்வொரு கோஆக்ஸியல் உள்ளீட்டிலும் சாக்கெட்டின் அடியிலேயே 75 ஓம் மின்தடையைப் போட்டு, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக 74எச்சியு04 இன்வெர்ட்டருக்கு (சமிக்ஞையைத் தலைகீழாக்கும் லாஜிக் சிப்) அனுப்பி, அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குப் பல்லாயிரம் ஓம் மின்தடை ஒன்றைத் திருப்பிக் கட்டினால், அது சமிக்ஞையைப் பெருக்கித் தரும். பெயரிலுள்ள 'யு' முக்கியம். சாதாரண 74எச்சி04 இந்த வேலைக்கு ஒத்துவராது. எல்லாவற்றையும் 3.3 வோல்ட்டில் இயக்குங்கள். உங்கள் ஒளியிழை வாங்கி 5 வோல்ட் வகையென்றால் இரண்டு மின்தடைகளால் அதன் வெளியீட்டைப் பிரித்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் இந்தச் சிப்புகள் கிடைக்காவிட்டால், கோலாலம்பூருக்குப் போகும் யாரிடமாவது ஜாலான் பாசார் கடைகளில் வாங்கிவரச் சொல்லலாம்.

கம்பி எண்ணுபவன் (மறுமொழி)

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். இங்கே பலர் உடனே, கம்பி 75 ஓமுக்குப் பொருந்தாததால் சமிக்ஞை அதில் எதிரொலிக்கிறது என்று பேசத் தொடங்குவார்கள்; 30 செ.மீ. கம்பியைக் கடக்கச் சமிக்ஞைக்கு ஒன்றரை நானோவினாடிதான் ஆகும், ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் ஓட்டத்தின் மிகக் குறுகிய துடிப்பே 163 நானோவினாடி நீளமுடையது. ஆகவே 'டிக்' சத்தத்துக்கு அதைக் குறைசொல்வது பொருந்தாது.

இரைச்சலுக்குக் காரணம் முற்றிலும் வேறு. மீடியா பிளேயர் எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியோடும், தொலைக்காட்சி டிஷ் ஆன்டெனாவின் கேபிளோடும் இணைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். டிஷ்ஷின் இரும்புக் கம்பம் வெளியே மண்ணைத் தொடுகிறது. உங்கள் ஆம்பிளிஃபையர் மூன்று முனை பிளக் வழியாக வீட்டு எர்த்தைத் தொடுகிறது. உங்கள் சுவிட்ச் நடுக்கம்பியை மட்டுமே மாற்றுகிறது, கோஆக்ஸியல் கேபிள்களின் வெளியுறைகள் எப்போதும் ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. அதனால்தான் தேர்ந்தெடுக்காத போதும் இரைச்சல் வருகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் டி.ஏ.சி.யின் தரை (சுற்றின் பொது இணைப்பு) வழியாகப் புகுந்து, ஆம்பிளிஃபையருக்குப் போகும் அனலாக் கேபிளின் உறையில் ஓடுகிறது. அந்த ஒரு கோஆக்ஸியல் உள்ளீட்டுக்கு மட்டும் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் (சமிக்ஞையை மட்டும் கடத்தி, தரையைப் பிரித்துவைப்பது) ஒன்றைப் போட்டு, அதன் ஆர்சிஏ சாக்கெட்டை உலோகப் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வளையத்தோடு பொருத்துங்கள். தயவுசெய்து பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிட வேண்டாம். பிற்பகலானால் இடி இடிக்கும் ஊரில் அந்த விளையாட்டு கூடாது.

சுவிட்சைத் திருப்பும்போது விழும் அடியைப் பற்றி: சிடி 44.1, தொலைக்காட்சி 48 கிலோஹெர்ட்ஸ் என்று வேகம் மாறுவதால் ரிசீவர் பழைய பிடியை விட்டுப் புதியதைப் பிடிக்கும் இடைவெளியில் கடிகாரத் துடிப்பு நிலைகுலைகிறது. டிஐஆர்9001இல் 'எரர்' என்ற கால் அந்த நேரத்தில் உயரும். அதைக் கொண்டு ஒரு டிரான்சிஸ்டர் வழியாக வெளியீட்டு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இயக்குங்கள். ரிலேயில் மின்சாரம் இல்லாதபோது வெளியீடு தரையோடு சேர்ந்திருக்க வேண்டும். ரிசீவருக்குப் பிடி கிடைத்து அரை வினாடி கழித்தே அந்தத் தரை இணைப்பு விலக வேண்டும். வெளியீட்டுக்கும் ரிலேக்கும் நடுவே 470 ஓம் மின்தடை இருக்கட்டும். இப்படிச் செய்தால் மின்வெட்டு ஏற்பட்டு வீடே அணையும்போதும் அடி விழாது.

தோட்டப் பாடகி (மறுமொழி)

எல்லாச் சத்தத்தையும் எரர் கால் தடுக்காது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலி அமைப்பு டால்பியில் (சுருக்கிய ஒலி வடிவத்தில்) இருந்தால், ரிசீவர் அதை ஒழுங்காகவே பிடித்துக்கொள்ளும், டி.ஏ.சி. அதைப் பேரிரைச்சலாக வெளியே விடும். பெட்டியின் அமைப்புகளில் பிசிஎம் (சுருக்காத ஒலி வடிவம்) என்று மாற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள். இன்னொரு வழியும் உண்டு: டிஐஆர்9001ஐயே எடுத்துவிட்டுச் சிஎஸ்8416 போடலாம். தேர்வுச் சுவிட்ச் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, மைக்ரோகன்ட்ரோலர் இல்லாமலே நான்கு உள்ளீடுகளைக் கையாளும். ஆனால் செய்து முடித்த பலகையைச் சிதைப்பதற்கு எனக்கு மனம் வராது.

சிப்புட் ரசிகன் (மறுமொழி)

மூவருக்கும் நன்றி. கட்டை அவிழ்த்து ஒளியிழைக் கம்பியைப் பிரித்தவுடனே 'டிக்' ஏறக்குறைய நின்றுவிட்டது. 74எச்சி153 பலகையை இரண்டு வார இறுதிகளில் முடித்தேன். ஒரு தவறும் செய்தேன். சிடி பிளேயரை அணைத்திருக்கும்போது அதன் இன்வெர்ட்டர் தானாக அலைபாய்ந்து பக்கத்து உள்ளீட்டைக் கெடுத்தது. ஒவ்வொரு சிப்பின் மின்காலிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை ஒட்டிவைத்து, இரண்டு கோஆக்ஸியல் உள்ளீடுகளுக்கும் தனித்தனி 74எச்சியு04 சிப்பைக் கொடுத்த பிறகே அடங்கியது. டிஷ் கேபிளைக் கழற்றிப் பார்த்ததில் இரைச்சலும் அங்கிருந்துதான் என்பது உறுதியாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேர்ந்ததும் பொருத்துவேன். ரிலே வேலை செய்கிறது, திருப்பும்போது 'டக்' என்ற அதன் சொந்தச் சத்தம் மட்டுமே கேட்கிறது.

பழைய ரேடியோ (மறுமொழி)

நல்லது, தம்பி. ஒளியிழைச் சாக்கெட்டைப் பயன்படுத்தாத நாட்களில் அதன் சிறிய மூடியைப் போட்டு வையுங்கள். என் வீட்டில் ஒரு சாக்கெட்டுக்குள் எறும்பு குடியேறி, நான் இரண்டு நாள் சுற்றுப்பலகையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.