காக்கர் ஸ்பேனியல்: காது நாற்றம் போய்ப் போய் வருகிறது, இப்போது மகளைப் பார்த்து உறுமுகிறான். என்ன செய்யலாம்?

மழைத்துளி:
வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயது ஆண் காக்கர் நாய், பெயர் டோஃபி. குட்டியாக வந்ததிலிருந்து பரம சாது. இப்போது இரண்டு பிரச்சினை. முதலாவது காது. தலையை உதறிக்கொண்டே இருக்கிறான், பின்னங்காலால் காதடியைச் சொறிகிறான். மடலைத் தூக்கிப் பார்த்தால் புளித்த மாவு மாதிரி வாடை, பழுப்பாகப் பிசுபிசுவென்று குரும்பி. சொட்டு மருந்து போட்டால் அடங்குகிறது, நிறுத்திய சில வாரத்தில் பழையபடி ஆரம்பம். இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது. எட்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினால் உறுமுகிறான், ஒருமுறை பல்லையும் காட்டினான். கடிக்கவில்லை. "ஸ்பேனியலுக்கு வெறி பிடிக்கும், யாருக்காவது கொடுத்துவிடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நல்ல பயிற்சியாளரைப் பிடிப்பதா, டாக்டரிடமே திரும்பப் போவதா?

ஈரமூக்கு:
ஒரு கேள்வி. சாப்பாட்டுத் தட்டு, பொம்மை, படுக்கை பக்கம் போனாலும் உறுமுகிறானா, இல்லை தலைப்பக்கம் கை வரும்போது மட்டும்தானா?

மழைத்துளி:
தட்டை எடுத்தாலும் சும்மா இருப்பான். பொம்மையை அவனே கொண்டுவந்து தருவான். தலையைத் தொட்டால்தான், அப்புறம் கழுத்துப்பட்டை மாட்டும்போது. வலது பக்கம் இன்னும் மோசம். வயிற்றைத் தடவினால் மல்லாந்து படுத்துக்கொள்கிறான்.

ஈரமூக்கு:
அப்படியானால் உங்களுக்கு இருப்பது ஒரே பிரச்சினை. காது வலிக்கிறது, வலிக்கிற இடத்தில் கை வைத்தால் உறுமுகிறான். முதலில் டாக்டர். பயிற்சியாளரைப் பிறகு பார்க்கலாம், தேவைப்பட்டால்.

பழையகை:
இதற்குப் போய் டாக்டரா? வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பட்ஸில் தொட்டு உள்ளே வரைக்கும் சுத்தம் செய்யுங்கள். எங்கள் நாய்க்கு எப்போதும் அதுதான்.

மருந்துவாடை:
பழையகை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். நான் விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், இந்த இன நாய்களின் காதைப் பார்க்காத வாரம் கிடையாது.

நாயின் காதுக்குழாய் நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, உள்பக்கமாக மடங்கித்தான் செவிப்பறைக்குப் போகிறது. பட்ஸை விட்டால் குரும்பி வெளியே வராது, அந்த மடக்குக்குப் போய் அடைத்துக்கொள்ளும். வினிகர், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புண்ணான தோலில் பட்டால் சுரீர் என்று எரியும். அதற்கப்புறம் அந்த நாய் யாரையும் காதைத் தொட விடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சில சொட்டு மருந்துகள்கூட உள்காதுக்குள் போனால் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுத்துவிடும். அதனால்தான் டாக்டர் முதலில் விளக்குக் கருவி வைத்து உள்ளே பார்க்க வேண்டும்.

மழைத்துளி, இதுவரை காதிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்களா? நீங்கள் சொல்லும் வாடையும் நிறமும் மலசீசியா என்ற ஈஸ்ட் மாதிரித் தெரிகிறது. ஆனால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம், வாடையை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு. நிமிடத்தில் முடிகிற சோதனைதான், கேட்டு வாங்குங்கள். மருந்து முடிந்ததும் திரும்ப ஒருமுறை மாதிரி எடுத்து, கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதும் முக்கியம். நாற்றம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஸ்பேனியலுக்கு ஏன் இவ்வளவு தொல்லை என்றால், தொங்கும் கனமான மடல், உள்ளே அடர்ந்த முடி, குரும்பி சுரப்பிகளும் மற்ற நாய்களைவிட அதிகம். காற்றே போகாது. ஆனால் காது தொங்குவதால் மட்டும் இப்படித் திரும்பத் திரும்ப வராது. பெரும்பாலும் அடியில் அலர்ஜி இருக்கும். பாதத்தை நக்குகிறானா? அக்குள், அடிவயிறு சிவந்திருக்கிறதா?

நான்குகால்:
காது வைத்தியம் நடக்கும் வரை வீட்டில் என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது அவன் தரும் எச்சரிக்கை. அதற்குத் திட்டு வாங்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிப்பான். மகளிடம் எளிதாக ஒன்று சொல்லுங்கள்: நாமாக அவனிடம் போகக்கூடாது, கூப்பிட்டு வந்தால் மார்பிலோ முதுகிலோ தடவலாம், தலைக்கு மேல் கை போகக்கூடாது. தூங்கும்போது தொடவே வேண்டாம். பெரியவர் யாரும் அறையில் இல்லை என்றால் இருவருக்கும் நடுவில் கதவு மூடியிருக்கட்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, அதிலும் தலை வழியாக மாட்டாமல் பக்கவாட்டில் கொக்கி போடுகிற வகை.

அந்த 'வெறி' கதை ஸ்பேனியலை விடாமல் துரத்துகிறது. அப்படிச் சொல்லப்படுவது காரணமே இல்லாமல் திடீரென்று வரும் ஆவேசம், அது மிக அபூர்வம். உங்கள் பையனுக்குக் காரணம் காதுக்குள்ளேயே இருக்கிறது.

மழைத்துளி:
போய் வந்தோம். இரண்டு காதிலும் ஈஸ்ட், வலதில் பாக்டீரியாவும். செவிப்பறை நன்றாக இருக்கிறது. சொட்டு மருந்தோடு வீக்கத்துக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முன்பாதங்களை நக்குகிறான் என்றேன், டாக்டரே காட்டினார், விரலிடுக்கு முடியெல்லாம் எச்சில் பட்டுத் துரு நிறமாகிவிட்டது. உணவு அலர்ஜியா என்று தெரிந்துகொள்ள, காது ஆறியதும் குறைந்தது 8 வாரம் ஒரே வகைச் சிறப்பு உணவு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். காது கழுவும் திரவம் தந்தார், எப்படிப் போடுவது என்று அவசரத்தில் கேட்க விட்டுப்போயிற்று.

மருந்துவாடை:
நல்ல டாக்டர். திரவத்தைக் கையில் பிடித்துச் சற்று வெதுவெதுப்பாக்குங்கள், குளிர்ச்சியாக ஊற்றினால் எந்த நாயும் துள்ளும். மடலை மேலே தூக்கி, குழாய் நிறையும் அளவு விடுங்கள். புட்டியின் முனை காதில் படக்கூடாது. பிறகு மடலை இறக்கி, காதின் அடியில் கன்னத்துக்குப் பின்னால் கெட்டியாகக் குழாய் போலத் தட்டுப்படுமே, அதை 20, 30 விநாடி பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் திரவம் போதவில்லை. அப்புறம் விட்டு விலகிக்கொள்ளுங்கள், அவன் உதறுவதில் சுவரெல்லாம் தெறிக்கும். விரலில் சுற்றிய பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் வரை மட்டும் துடைத்தால் போதும். சொட்டு மருந்து அதற்குச் சற்று நேரம் கழித்து.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் தினமும் கழுவினால் உள்தோல் ஊறிப்போய் அதுவே தொல்லையாகும். மறுபரிசோதனைக்குப் போகிற அன்று கழுவாமல் கூட்டிப் போங்கள், குரும்பி இருந்தால்தான் மாதிரி எடுக்க முடியும். மடலின் உள்பக்கத்திலும் குழாய் வாயைச் சுற்றியும் முடியைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள், காதுக்குள்ளே இருக்கும் முடியைப் பிடுங்க விடாதீர்கள். குளித்தாலோ நீந்தினாலோ காதைத் துவட்டிவிட வேண்டும்.

மடல் திடீரென்று தலையணை போல உப்பினால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, நடை தள்ளாடினால் உள்காதுக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் அன்றே டாக்டர். நம் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் ஐப்யூபுரூஃபனும் நாய்க்கு விஷம்.

ஈரமூக்கு:
உணவுச் சோதனையில் கவிழ்வது பெரும்பாலும் தட்டில் இல்லை, தட்டுக்கு வெளியே. மகள் கீழே சிந்தும் பிஸ்கட், விருந்தாளி நீட்டும் துண்டு, இறைச்சி வாசம் சேர்த்த பூச்சி மாத்திரை, நாய்ப் பற்பசை. ஒரு வாய் போனாலும் கணக்குக் குழம்பிவிடும். வாசமில்லாத பூச்சி மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்தே உதறல் குறைந்திருக்கிறது. மகள்தான் பாவம், தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தலையைத் தொடாமல் இருவரும் விளையாட ஏதாவது உண்டா?

நான்குகால்:
ஏன் இல்லை? புதரில் பதுங்கும் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்ப வளர்த்த இனம் இது. அந்த மூக்குக்கு வேலை கொடுங்கள். அவனுடைய சோதனை உணவிலேயே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளட்டும், அன்றைய அளவில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் அவனைக் கதவுக்கு வெளியே பிடித்திருக்க, மகள் நாற்காலிக் கால், விரிப்பின் ஓரம், கவிழ்த்த பெட்டி என்று ஒளித்து வைக்கட்டும். முதலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, போகப் போகக் கடினமாக. வைத்து முடித்ததும் அவள் சோபா மேல் ஏறிக்கொண்டு 'தேடு' என்று சொல்ல வேண்டும், கதவை நீங்கள் திறக்க வேண்டும்.